பட்டாளத்து மரியாதை

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் தாமல் ஏரியைப் பார்த்திருப்பார்கள். காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போனதும் ஜன்னலோரம் கொஞ்ச தூரம் கூடவே வரும் நீர்ப்பரப்பு அதுதான். மழை பொய்த்த ஆண்டென்றால் வெறும் பொட்டலும் வேலமரமும். ஊருக்குள் தாமோதரப் பெருமாளும் வராகீசுவரரும் பழைய கோயில்களில் இருக்கிறார்கள். தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். இத்தனை பழமையும் ஏரியால் வந்தது. ஏரியோ கரையால் வந்தது. பாலாற்று வட்டாரத்து ஏரிகள் ஆழமான பள்ளங்கள் அல்ல. சரிந்து ஓடும் நீரை ஒரு பக்கம் மண்கரை போட்டு மறித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கரை உடைந்த அன்று ஏரி, வயல், ஊர் மூன்றும் ஒன்றாகிவிடும்.

‘மரியாதை’ என்ற சொல்லுக்கும் இந்தக் கரைக்கும் உறவு உண்டு. வடமொழியில் ‘மர்யாதா’ என்பதற்கு எல்லை, கரை, வரம்பு என்பவைதான் மூலப்பொருள். நம் கல்வெட்டுகளில் ‘மரியாதி’ என்று வருமிடத்தில் அது வழக்கத்தையும் ஏற்பாட்டையும் குறிக்கும். பெரியவரைக் கண்டால் எழுந்து நிற்பது, துண்டை இறக்குவது என்ற பொருளெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. படைமுகாமின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய பொருள்தான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே நடப்பதெல்லாம் வெற்று விறைப்பாகத் தெரிகிறது: எதற்கெடுத்தாலும் சல்யூட், எங்கே போனாலும் பாஸ், நின்றால் ஒரு விதி, நடந்தால் ஒரு விதி. அவற்றில் பாதிக்குமேல் யாரையும் பெருமைப்படுத்த வந்தவை அல்ல. உள்ளே ஆபத்தான ஏதோ ஒன்று தேங்கி நிற்கிறது, அதற்குப் போட்ட கரை அது.

தாமலுக்கு வடக்கே, பறவை பறக்கும் கணக்கில் முப்பது கிலோமீட்டருக்குள், அரக்கோணத்தில் இருக்கிறது ஐ.என்.எஸ். ராஜாளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று இருந்த இடத்தில் எழுந்த கடற்படை விமானத் தளம். 1992 மார்ச் 11 அன்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ரா. வெங்கட்ராமன் அதைப் படையில் சேர்த்து வைத்தார். ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரஷ்யாவிலிருந்து வந்த டியூ-142 என்ற பிரம்மாண்டமான விமானங்கள் 2017 மார்ச் வரை அங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிவந்தன. இப்போது அந்த வேலையை பி-8ஐ விமானங்கள் பார்க்கின்றன.

கடற்கரையிலிருந்து இத்தனை தள்ளி, நெல்வயலுக்கு நடுவே இருந்தாலும், கடற்படைக் கணக்கில் அது ஒரு கப்பல். ஐ.என்.எஸ். என்ற மூன்று எழுத்தும் அதைத்தான் சொல்கின்றன. கடற்படையின் கரைத்தளங்கள் எல்லாமே கப்பல்களைப் போலத்தான் பெயர் பெறுகின்றன, கப்பலின் மொழியிலேயே பேசப்படுகின்றன. வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போவதற்குக்கூட ‘கரைக்குப் போகிறேன்’ என்பதுதான் மாலுமி வழக்கு. முதலில் கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் கப்பலில் ஒருவன் நினைத்த நேரத்தில் ஏறவோ இறங்கவோ முடியாது. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு ஒவ்வொரு கணமும் சரியாக இருக்க வேண்டும். வயல்நடுவே இருக்கிற வாசலில் பெயர், நேரம், யாரைப் பார்க்க வந்தீர் என்று பதிவேட்டில் எழுத வைப்பது அந்தக் கணக்கின் தொடர்ச்சி. உள்ளே தீப்பிடித்தால் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே.

ராஜாளி என்பது வல்லூறு இனத்துப் பறவையின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் தாங்கிய தளத்துக்குப் பெரிய தலைவலி பறவைகள்தான். சுற்றிலும் ஏரிகள்; ஏரி இருந்தால் கொக்கும் நாரையும் பருந்தும் இருக்கும். எழும்புகிற விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பருந்து போனால் போதும். அதனால்தான் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆவது விதி, விமானத் தளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் ஆடுமாடு அறுக்கவும், பறவைகளை இழுக்கும் குப்பை கொட்டவும் தடை போடுகிறது. இறைச்சிக் கடை, மீன் கடை, ஓட்டல் கழிவுகளையெல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்கழிவை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவருக்குத் தன் தலைக்குமேல் பறக்கிறவரோடு ஒரு தொடர்பு இருப்பது தோன்றுவதே இல்லை. முள்வேலிக்கு வெளியே இருந்தாலும் அவர் அந்தத் தளத்தின் ஒழுக்கத்துக்குள் இருக்கிறார். கல்யாண வீட்டில் மேலிருந்து படம்பிடிக்க டிரோன் கொண்டுவரும் இளைஞருக்கும் இது பொருந்தும். 2021 டிரோன் விதிகளின்படி வரைபடத்தில் சிவப்பாகக் காட்டியிருக்கும் வான்பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

ஓடுபாதையில் இன்னொரு வழக்கம் உண்டு. பல நாட்டுத் தளங்களில் விமானங்கள் கிளம்புவதற்கு முன் ஆட்கள் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தலையைக் குனிந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். களை பறிக்கிறவர்களைப் போலிருக்கும். கூழாங்கல், திருகாணி, பேனா மூடி, எது கிடந்தாலும் பொறுக்கி எடுப்பார்கள். சிப்பாய் மட்டும் அல்ல, அதிகாரியும் குனிந்து பொறுக்க வேண்டும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில், முந்திய விமானம் ஒன்றிலிருந்து விழுந்த, ஒரு முழத்துக்கும் குறைவான உலோகப் பட்டை ஓடுபாதையில் கிடந்தது. அதன்மேல் ஏறிய கான்கார்டு விமானத்தின் டயர் கிழிந்து, எரிபொருள் தொட்டி உடைந்து, 113 பேர் இறந்தார்கள். குனிந்து பொறுக்குவது கௌரவக் குறைச்சல் என்று எவரும் சொல்லாத இடங்கள் உலகத்தில் குறைவு. ஓடுபாதை அவற்றில் ஒன்று.

இதைவிடச் சுவாரசியமானது தொப்பி விவகாரம். வெளியில் தொப்பி இல்லாமல் நிற்பது ஒழுங்கீனம். ஆனால் பல நாடுகளின் விமான வரிசைகளில் தொப்பி அணிவதே தடை, மூத்தவரைக் கண்டாலும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. பறந்துபோகும் தொப்பியை எஞ்சின் இழுத்துக்கொள்ளும்; சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் கண் அதிகாரியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. போர்முனையிலும் சல்யூட்டைத் தவிர்ப்பார்கள், தூரத்தில் பதுங்கியிருப்பவனுக்கு யார் அதிகாரி என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மரியாதையும் பாதுகாப்பும் மோதும் இடத்தில் பட்டாளம் தயங்காமல் மரியாதையைக் கழற்றி வைக்கிறது. எது எதற்காக வந்தது என்பது அங்கே வெளுத்துவிடுகிறது.

எங்கள் உறவில் பெரியப்பா ஒருவர் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். வேலூர் பக்கத்தில் இது அதிசயம் அல்ல. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதால் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். சிறுவயதில் அவரிடம், துப்பாக்கியை எப்படிச் சுடுவது என்று கேட்டேன். “சுடறது அப்புறம். மொதல்ல எப்படிக் குடுக்கறதுன்னு கத்துக்கோ” என்று ஒரு விறகுக்கட்டையை எடுத்துச் செய்துகாட்டினார். குழல்வாய் மண்ணையோ வானத்தையோ பார்த்திருக்க வேண்டும். முதலில் தோட்டாப்பெட்டியைக் கழற்ற வேண்டும். பிறகு பூட்டை இழுத்துத் திறந்து அறைக்குள் தானே ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்து வாங்கப்போகிறவனுக்கு அதே அறையைக் காட்ட வேண்டும். அவன் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கைமாற்றம். வாங்கியவன் உடனே மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்ப்பான்.

“நீதான் இப்பவே காட்டினியே, அவரு எதுக்குத் திரும்பப் பாக்கறாரு? உன்ன நம்பலையா?” என்றேன்.

“அதுல ஒண்ணும் கோவம் கிடையாது கண்ணு. பாக்காம வாங்கினாத்தான் எனக்குக் கோவம் வரும்” என்றார்.

சந்தேகப்படுவதே மரியாதை என்றாகிற இடம் அது. நம் வீடுகளில் கத்தியையும் கத்தரிக்கோலையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைத்தால்தான் மற்றவர் எடுப்பார். கேட்டால் சண்டை வரும் என்பார்கள். வெட்டுப்படும் என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்து, பாட்டிகள் அதைச் சாத்திரமாக்கிவிட்டார்கள். அரிவாள்மணையை நறுக்கி முடித்ததும் சாய்த்துப் போடுவதும் இந்த வகைதான். பட்டாளம் சாத்திரம் சொல்லாமல் விதி சொல்கிறது.

சல்யூட்டின் தோற்றம் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். இரும்புக்கவச வீரன் முகமூடியைத் தூக்கிக்காட்டியது என்பார் ஒருவர், வலக்கையில் ஆயுதம் இல்லை என்று காட்டியது என்பார் இன்னொருவர். இவற்றுக்கெல்லாம் உறுதியான சான்று கேட்டால் கதை சுருங்கிவிடும். இந்தியத் தரைப்படையில் உள்ளங்கை எதிரே நிற்பவரைப் பார்த்திருக்கும். கடற்படையில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கயிறும் தாரும் பட்டு அழுக்கான உள்ளங்கையை மறைக்கவே அப்படி என்பது மாலுமிகள் வாய்வழக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இளையவர் அடித்த சல்யூட்டை மூத்தவர் திருப்பி அடித்தாக வேண்டும். அது கேள்வியும் பதிலுமாக அமைந்த சடங்கு. பதில் வராவிட்டால் மரியாதை ஒருவழிப் பாதையாகிவிடும். ஒருவழியாகிப் போன பாசறைக்கு என்ன நேரும் என்பதற்குத் தாமலிலிருந்து இதே நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் மேற்கே ஒரு கோட்டை சாட்சியாக நிற்கிறது. அதற்குமுன் இன்னும் பழைய இரண்டு பாசறைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

தமிழில் படை தங்கும் இடத்துக்குச் சொல் பஞ்சம் கிடையாது: பாசறை, கட்டூர், பாடிவீடு, படைவீடு, பாளையம், தண்டு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிதான். அதில் கணிசமான பகுதி ஒரு பாசறைக்குள் நடந்துபோவது போலவே இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்தி முள்வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே தெருத்தெருவாகத் தழை வேய்ந்த குடில்கள். நாற்சந்தியில் மதயானை நிற்கிறது. வேறொன்றும் கல்லாத இளம் பாகர்கள் வடசொல்லால் அதை அதட்டிக் கவளம் ஊட்டுகிறார்கள். இடையில் குறுவாள் கட்டிய பெண்கள் விளக்கு அணையாமல் நெய் வார்த்தபடி இரவெல்லாம் சுற்றிவருகிறார்கள். நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்கிறவர்கள் அரசனை வாழ்த்திவிட்டுத்தான் நேரத்தைச் சொல்கிறார்கள். வெளிக்கூடத்தில் யவனர் காவல்; உட்கூடத்தில் பேச்சுமொழி தெரியாமல் சைகையால் பேசும் மிலேச்சர் காவல். அரசனின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அங்கே பேசப்படும் மொழி தெரியாமலிருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ரகசியக் காப்பு என்ற கருத்து நமக்கு வெள்ளைக்காரன் 1923இல் சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது அல்ல.

முல்லைப்பாட்டு இருக்கும் அதே தொகுப்பில் உள்ள நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் காட்சியை எந்தப் படைப்பள்ளியிலும் பாடமாக வைக்கலாம். நள்ளிரவு, வாடைக்காற்று, மழைத்தூறல். அரசன் சிலரோடு மட்டும் வெளியே வந்து, புண்பட்டுக் கிடக்கிற வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு மூத்த வீரன் ஒருவன் முன்னே நடந்து, இவர் இன்னார் என்று முறையாகக் காட்டிக்கொண்டு வருகிறான். அரசன் அடித்த பதில் சல்யூட் அது.

காஞ்சிபுரத்தில் பாசறைக்கு வேறு ஒரு வடிவம் இருந்தது: கோயில். உயரமான மதில், உள்ளே குளம். பதினெட்டாம் நூற்றாண்டுப் படைகளுக்கு இதைவிட வசதியான கோட்டை கிடைக்காது. 1751இல் காஞ்சிக் கோயிலுக்குள் பிரெஞ்சுக்காரர்கள் படைவைத்திருந்தார்கள். ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவ் அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து அதைப் பிடித்தார். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை நொறுக்கியபோது, சில மணிநேரத் தொலைவில் காஞ்சியில் இன்னொரு ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ சரக்கு மூட்டைகளைக் கோயிலில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். மறுநாள் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். செருப்புப் போட்டுக்கொண்டு நுழையக்கூடாத இடத்தில் வெடிமருந்தும் மாட்டுவண்டியும் நுழைந்தன. ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டிருப்பார்களா என்பதெல்லாம் யாரும் எழுதிவைக்கிற விஷயமாக அப்போது இல்லை.

இனி வேலூர். 1806ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புதிய நிரந்தர ஆணைத் தொகுப்பு ஒன்று வந்தது. தலைமைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக்; ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். அந்தத் தொகுப்பில் ஒரு பத்தி தோற்றத்தைப் பற்றியது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது; காதில் கடுக்கன் கூடாது; தாடியை மழித்துவிட வேண்டும்; மீசைகூட முடிந்தவரை ஒரே அளவில் இருக்க வேண்டும். கூடவே புதிய தலைப்பாகை. அது தலைப்பாகையைவிடத் தொப்பியைப் போலிருந்தது, முன்பக்கம் தோலால் ஆன அலங்காரம் வேறு. ‘தொப்பிக்காரன்’ என்றால் நம் ஊரில் ஐரோப்பியன் என்று பொருள். தோல் என்றால் பசுவா, பன்றியா என்ற கேள்வி. ஒரே ஆணையால் இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேரக் காயப்படுத்த வேறு யாராலும் முடிந்திருக்காது.

ஆணை போட்டவர்களின் கண்ணில் இது ஒழுங்கு. வரிசை அழகாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். படைக்குச் சீர்மை வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் தொப்பி பறந்தால் எஞ்சின் கெடும் என்பது போன்ற எந்தக் காரணமும் திருநீற்றுக்கு எதிராகக் கிடையாது. எதையும் காக்காத கரை அது.

மே மாதத்தில் வேலூரில் நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். இரண்டு பேருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. வேறு 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டது. அந்தப் பட்டாளத்தை வேலூரிலிருந்து மாற்றி, வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடிவைத்த மாதிரிதான்.

ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரியான கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், ஐரோப்பியரைக் கொல்லச் சதி நடக்கிறது என்று எச்சரித்தார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே விட்டார். இவனுக்குப் பைத்தியம் என்றார்கள் அவர்கள். முஸ்தபா பேக்குக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள். பாசறைப் பாதுகாப்பு பற்றி எத்தனை பக்கம் விதி எழுதினாலும் இந்த இடம்தான் அதன் உயிர்நிலை: கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் வந்து, ‘ஐயா, ஏதோ சரியில்லை’ என்று சொன்னால் என்ன நடக்கிறது? வேலூரில் அவனுக்கு விலங்கு கிடைத்தது.

சிப்பாய்களில் பலர் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடும்பத்தோடு இருப்பவர்கள். ஜூலை 10 காலை அணிவகுப்பு இருந்ததால் முந்தின இரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். அணிவகுப்புக்காகத்தான் ஆணை, ஆணைக்காகத்தான் கோபம், கடைசியில் அந்த அணிவகுப்பே வாய்ப்பும் கொடுத்தது. விடிவதற்கு முன்பே சுடத் தொடங்கினார்கள். ஆங்கிலேய மன்னரின் 69ஆம் படைப்பிரிவின் வீரர்கள் உறங்கிக்கொண்டிருந்த கூடத்தின் ஜன்னல்கள் வழியாகக் குண்டு பாய்ந்தது. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட 14 அதிகாரிகளும் 69ஆம் பிரிவில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் இறந்தார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பத்துப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் திரும்பியது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேரளவிலான சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையைச் சிலர் 350 என்பார்கள், கூட்டியும் சொல்வார்கள்.

தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. முஸ்தபா பேக்குக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன. 1807இல் கிராடக்கையும் பெண்டிங்க்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்புவின் பிள்ளைகளின் சதி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், எது முதற்காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சதிக்காரன் எங்கும் இருப்பான்; அவன் பேச்சுக்குக் காது கிடைக்கச் செய்தது அந்த ஒரு பத்திதான் என்பது என் எண்ணம்.

அதே சென்னைப் படையின் வாரிசுகளில் இரண்டைச் சொல்லலாம். 1758ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொள்ளும் மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில். 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்களின் மையம் பெங்களூரில். இரண்டிலும் சிப்பாய்களுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: ‘தம்பி’. பஞ்சாபிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து சேரும் அதிகாரிகூட ‘தம்பிகள்’ என்றுதான் சொல்லிப் பழகுகிறார். அவர்களோடு பேசத் தமிழும் கற்றுக்கொள்கிறார். தம்பி என்றால் உரிமையும் உண்டு, அதட்டலும் உண்டு. தம்பிக்குப் பதில் சொல்லாமல் அண்ணனால் நகர முடியாது என்பதும் அதில் அடக்கம். கசையடிக் காலத்திலிருந்து இந்தச் சொல்லுக்கு வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதைத் தனியாக ஒருவர் ஆராய வேண்டும்.

மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்குள் மரியாதை இப்படி ஓரளவு சமன்பட்டுவிட்டது. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவே அது இன்னும் சமன்படவில்லை. 2011 ஜூலை 3 அன்று சென்னையில், தீவுத்திடல் பக்கத்து ராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் பாதாம் பழம் பறிக்கச் சுவரேறிக் குதித்த 13 வயதுப் பையன் சுட்டுக்கொல்லப்பட்டான். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளை. சுட்டவர் அங்கே வசித்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி; மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்துமீறி நுழையக்கூடாது என்ற பலகை எல்லாத் தளத்துச் சுவரிலும் உண்டு. படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பலகை. மரத்தில் பழம் இருந்தால் பையன்கள் ஏறுவார்கள் என்பது எந்தப் பலகையைவிடவும் பழைய விதி.

துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடக்கும்போது செங்கொடி ஏற்றுவார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பார்கள். 1938இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. செங்கொடி என்பது வெளியே இருக்கிறவனுக்கு உள்ளே இருக்கிறவன் செய்யும் மரியாதை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்துச் சிதறிய ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது, கூடவே பஞ்சுப் பொதிகள். வெடிபொருள் ஏற்றிய கப்பல் ஏற்றவேண்டிய சிவப்புக்கொடி அதில் பறக்கவில்லை. புகை வந்தபோது வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்கு அது வெறும் பஞ்சுத்தீ. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கத்துப் பயிற்சித் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகியபோது, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். அவன் எந்த வேலியையும் தாண்டவில்லை. வேலிதான் அவனைத் தாண்டி வந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை இன்னும் நீளமானது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற நேர்ந்தது. பலாலித் தளத்தைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம் விரிந்து வீடு, வயல், பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் விழுங்கியது. பாசறை ஊருக்குப் பக்கத்தில் வந்தது போய், ஊரே பாசறைக்குள் போய்விட்டது. அந்தத் தலைமுறையிடம் பேசினால், காவலரணைக் குறிக்கும் ‘சென்ரி’ என்ற சொல் வந்தபடி இருக்கும். சென்ரியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, தாண்டியபின்தான் ஏற வேண்டும். குண்டு கொண்டுவருகிறவனைத் தூரத்திலேயே மெதுவாக்குவதற்கு என்று காவலன் தரப்பில் அதற்குக் காரணம் இருக்கலாம். இறங்கி நடந்த வாத்தியாருக்கு அது எப்படி இருந்தது என்பது அந்தக் காரணத்துக்குள் அடங்காது.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் நிறைந்த பகுதிகளில் ஒன்று பிள்ளையார்பாளையம். பாளையம் என்றால் படை இறங்கிய இடம் என்று அகராதி சொல்லும். அங்கே இறங்கியிருப்பவை தறிகள். பாவுக்குக் கஞ்சி தோய்க்கிற விடியற்காலையில், தெரு நீளத்துக்கும் பட்டுப் பாவை விரித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பு உயரத்தில் தெருவோடு நீண்டு கிடக்கும். எந்தப் பலகையும் இருக்காது. பெரியப்பாவோடு ஒருமுறை சேலை வாங்க அங்கே போயிருந்தேன். தெருமுனையில் பாவைப் பார்த்ததும் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஓரமாக, சுவரை ஒட்டி, ஹேண்டில் இழையில் படாதபடி சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். இழைகளுக்கு அந்தப்பக்கம் நின்று நீவிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்து, “மெதுவா வாங்க நைனா, இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றார்.